கிண்ணியாவில் கிடைத்த ஒலிவ் எண்ணெய்

மூன்று வருடங்களுக்கு முன், கடல் அமைதியாகக் கிடக்கும் வைகாசி மாதத்தில் இது நடந்தது. திருகோணமலை உப்புவெளியில் நானும் என் கணவரும் ஒரு சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். நாலு அறை, முன்னால் ஒரு முற்றம், அதைத் தாண்டினால் மணல். அந்தக் கிழமை எங்களிடம் தங்கியிருந்தவர்கள் கிரேக்க நாட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். ஏதோ ஒரு தீவில் அவர்களுக்கு ஒலிவ் தோட்டம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

அதிகம் பேசாத மனிதர் அவர். இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளியும் வெள்ளரிக்காயும் வெட்டி வைப்பேன். வெளிநாட்டுக்காரருக்கென்று மேசையில் ஒரு ஒலிவ் எண்ணெய்ப் போத்தலும் இருக்கும். முதல் நாள் அதைத் திறந்து மணந்து பார்த்தவர், பக்குவமாக மூடித் தள்ளி வைத்துவிட்டுத் தேசிக்காய்ப் புளி மட்டும் விட்டுச் சாப்பிட்டார். அவருக்கு எண்ணெய் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு காலையில் கடலில் குளித்துவிட்டு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார். துவாய் தோளில் கிடந்தது. மனைவி தேத்தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அந்த அம்மா கோப்பையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றதை நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது.

என் கணவர் ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார். போய்ச் சேர முதலே உயிர் போய்விட்டது என்றார்கள். இதயம் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு திடீர் மரண விசாரணை, தூதரகத்துடன் தொலைபேசி, மகனுடன் தொலைபேசி என்று அன்றும் மறுநாள் காலையும் போயின. அந்த அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், கேட்ட இடத்தில் கையெழுத்து வைத்தார். அழவேயில்லை. இரவில் நான் அவருடைய அறையிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் உடலை, பதப்படுத்திப் பெட்டியில் வைக்கும் நகரத்து மலர்ச்சாலைக்குக் கொண்டுவந்தோம். அடுத்த நாள் விடிய வாகனம் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். அங்கே பெட்டியை உலோகத் தகட்டால் அடைத்து மூடுவார்கள், விமானத்தில் போகும் பெட்டியைப் பிறகு திறக்க ஏலாது என்று மலர்ச்சாலைக்காரர் விளங்கப்படுத்தினார். அந்த அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஊருக்குப் போன பிறகும் திறக்க முடியாதா? முடியாது. அப்போது அவர் என் பக்கம் திரும்பி, தனக்கு ஒலிவ் எண்ணெய் வேண்டும் என்றார்.

எனக்கு விடுதி நடத்தப் போதுமான ஆங்கிலம் தெரியும். அவருடைய ஆங்கிலமும் அவ்வளவுதான். அதனால் அவர் சொன்னதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர்களுடைய வழக்கத்தில், அடக்கம் செய்வதற்கு முன் குருவானவர் இறந்தவரின் உடல்மேல் சிலுவை அடையாளமாக எண்ணெய் விடுவாராம். இனிப் பெட்டி திறபடாது என்றால் அதை இங்கேதான் செய்ய வேண்டும், தானே செய்வேன் என்றார். மலர்ச்சாலைக்காரர் நல்ல மனிதர். பொழுதுபட முதல் வந்தால் திறந்து தருகிறேன் என்றார்.

நான் கணவருக்குச் சொன்னேன். அவர் இரண்டு நாளாக நித்திரையில்லாமல் அலைந்து களைத்திருந்தார்.

"எண்ணெய் எண்டா எண்ணெய்தானே. வீட்டில நல்லெண்ணெய் கிடக்கு. அதைக் குடுப்பமே?"

நானும் அந்த அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஆட்களும் இறந்தவருக்கு எண்ணெய் வைப்பார்கள், அது எள்ளிலிருந்து எடுப்பது, புனிதமானது என்று எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்க அந்த மரங்களுக்குக் கீழேயே நின்ற மனிதர், வேறு எண்ணெய் வைத்து அனுப்பினால் வேறு ஒருவருடைய சட்டையைப் போட்டு அனுப்புவது போல இருக்கும் என்றார்.

என் தம்பியைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைத்தது. ஆனால் கரை முழுவதும் பிணமாகக் கிடந்த அந்த நாட்களில் எல்லோரையும் ஒரே இடத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டார்கள். எண்ணெய் அரப்பு வைத்து அவனை முழுக வார்க்க எங்கள் அம்மாவுக்கு வாய்க்கவில்லை. "பிள்ளையின்ர தலையில ஒரு சொட்டு எண்ணெய் வைக்கேல்ல" என்று தான் சாகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தா. அவன் போனதைவிட அதுதான் அம்மாவை அரித்தது என்று சில வேளை எனக்குத் தோன்றும்.

"வேற எண்ணெய் சரிவராதப்பா. அவவுக்கு உள்ளதுதான் வேணும்" என்றேன். கணவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓட்டோத் திறப்பை எடுத்தார்.

முதலில் எங்கள் விடுதிக்கே போனோம். மேசையில் வைக்கும் அந்தப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மணந்தார். பிறகு என் மூக்குக்கருகே பிடித்தார். காறிப்போன கச்சான்கடலை மணம் அடித்தது. அதைத்தான் ஒலிவ் எண்ணெயின் மணம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், காஸ் அடுப்புக்குப் பக்கத்துத் தட்டு. வெளிச்சமும் சூடும் இந்த எண்ணெயைக் கொன்றுவிடும் என்றார். அவருடைய கணவர் முதல் நாள் அதை ஏன் மூடித் தள்ளி வைத்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேசிக்காயைப் பிழிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்ட மனிதர்.

நகரத்தில் பெரிய பலசரக்குக் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே ஒரு தட்டு நிறைய ஒலிவ் எண்ணெய் இருந்தது. எல்லாவற்றிலும் மரமும் காயும் பச்சை நிறமும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். ஒன்றில் 'போமஸ்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. காயைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து மருந்து போட்டு இழுப்பது அது என்றார். எங்கள் புண்ணாக்கிலிருந்து திரும்பவும் எண்ணெய் எடுப்பது போல என்று வைத்துக்கொண்டேன். இன்னொன்றில் 'லைட்' என்று இருந்தது. கொழுப்புக் குறைந்தது என்று நினைத்து நானே முன்பு ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். அப்படியில்லையாம். சுத்திகரித்து மணத்தையும் ருசியையும் எடுத்துவிட்டது என்பதுதான் அதன் கருத்து, கொழுப்பு எல்லாவற்றிலும் ஒரே அளவுதான் என்றார். காயை அரைத்துச் சூடு காட்டாமல், மருந்து போடாமல் பிழிந்தெடுப்பதற்குத்தான் 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' என்று பெயர். அப்படி ஒரேயொரு போத்தல்தான் இருந்தது. அதுவும் மேல் தட்டில், வீதி வெயில் நேரே அடிக்கும் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில், தூசி படிந்து நின்றது.

அதை வாங்கி வெளியே வந்து ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று திறந்தோம். அந்த அம்மா மணந்தார். மறுபடியும் மணந்தார். கையில் விட்டு நாக்கில் வைத்தார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று திரும்பவும் மணந்தார்.

தனக்குத் தெரியவில்லை என்றார். அவர்கள் வீட்டில் எண்ணெய் நல்லதா கூடாதா என்று சொல்லுகிறவர் கணவர்தானாம். ஊர்ச் செக்கில் புது எண்ணெய் வடியும்போது மற்றவர்கள்கூட அவரிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்களாம். அவர் நல்லது என்றால் நல்லது. இந்த அம்மா காய் பறிப்பார், வலை விரிப்பார், சமைப்பார். எண்ணெயைத் தானே முடிவு செய்ய வேண்டிய தேவை இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை. இப்போது அவருக்கு வைக்கிற எண்ணெயையே தான் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது, அதில் பிழை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

கடைசியில் போத்தலை மூடி என் கணவரிடம் கொடுத்தார். "இல்லை" என்றார், மெதுவாக. செத்துப்போன எண்ணெய் என்றார்.

அடுத்து ஒரு மருந்துக் கடை. அங்கே சின்னச் சின்னப் போத்தலில் ஒலிவ் எண்ணெய் விற்பார்கள் என்று எனக்குத் தெரியும். காதுக்கு விடவும் தோலுக்குப் பூசவும் வாங்குவோம். அந்த அம்மா அதைப் பார்த்தார். தண்ணீர் மாதிரி வெளிறியிருந்தது. திறக்கக்கூட இல்லை. கடைவாசல் படியிலேயே இருந்துவிட்டார். நான் அவருடைய தோளில் கையை வைத்தபடி நின்றேன். கணவர் வானத்தைப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

எங்களுக்குப் பின்னால் மருந்து வாங்க வந்து நின்ற ஒரு முஸ்லிம் பெண் இவ்வளவு நேரமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா, கையில் மருந்துப் பை. கிட்ட வந்து கேட்டார்.

"என்னத்துக்குத் தங்கச்சி ஒலிவ் எண்ணெய்?"

"இவவின்ர மனுசன் நேற்றுக் காலமை மோசம் போயிற்றார் அக்கா. பெட்டி மூட முதல் அவருக்கு வைக்க வேணுமாம். நல்லது ஒண்டும் கிடைக்கேல்ல."

அவர் படியில் இருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸைத்தூன் எண்ணெய்தானே. எங்கட வீட்டில இரிக்கி. மகன் ஜோர்தான்ல இரிந்து கொண்டு வந்த. அங்க தோட்டத்து ஆக்களிட்டயே வாங்கின."

"வீடு எங்கயக்கா?"

"கிண்ணியா."

நான் கணவரைப் பார்த்தேன். குடாவைச் சுற்றிப் போய் வர எவ்வளவு நேரம் செல்லும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மலர்ச்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, கொஞ்சம் பிந்தினாலும் பூட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்தார்.

பின் இருக்கையில் நாங்கள் மூன்று பெண்களும் நெருங்கி இருந்தோம். அந்த அம்மா நடுவில். சீனக்குடா தாண்டியதும் கிண்ணியாக்காரர் அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த அம்மா பேசத் தொடங்கினார். யாரிடம் என்றில்லை. மரத்துக்குக் கீழே வலை விரிப்பது, தன் கணவர் ஏணியில் நின்று கிளையைச் சீப்பால் வாருவதுபோல் வாருவது, பறித்த காயை அன்றைக்கே செக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் அவசரப்படுத்துவது. நான் கேட்டுக் கேட்டுக் கிண்ணியாக்காரருக்குத் தமிழில் சொன்னேன். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பாராம் அவர். பச்சையாக இருப்பதெல்லாம் நல்லதில்லை. காய் எப்போது பறித்தது என்று கேள், எங்கே வைத்திருந்தது என்று கேள், பிறகு நாக்கில் வை. கொஞ்சம் கசக்க வேண்டும். விழுங்கின பிறகு தொண்டையில் மிளகு மாதிரி உறைத்து இருமல் வர வேண்டும். இருமல் வராவிட்டால் அது வயதுபோன எண்ணெய் என்பாராம்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது காற்று பலமாக அடித்தது. அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீடு ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. உள்ளே போனதும் முன் அறையிலேயே ஒரு கட்டில். அதில் ஒரு மனிதர் படுத்திருந்தார். அந்தப் பெண்ணின் கணவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்து போனதாம். வாயும் கோணி, பேச்சும் தெளிவில்லை. அலுமாரியின் அடித்தட்டில், துணி சுற்றி வைத்திருந்த ஒரு தகர டின்னை அந்தப் பெண் எடுத்தார்.

"வெளிச்சம் படாம வைக்கச் சொன்னவன் மகன். காலையிலயும் அசர் தொழுகைக்குப் பொறகும் இவருக்குக் கைகாலுக்குப் பூசுற."

டின்னை ஆட்டினார். அரைவாசிக்கும் குறைவாகத்தான் இருந்தது. நான் சொல்லாமலே அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லுங்கள், உயிரோடு இருக்கிறவரிடமிருந்து எடுத்து என்னுடையவருக்கு வைக்க மாட்டேன் என்றார்.

நான் சொன்னேன். அந்தப் பெண் கட்டிலுக்குப் போய்க் குனிந்து கணவரின் காதோடு பேசினார். வெளிநாட்டிலிருந்து வந்த இடத்தில் ஒருவர் மௌத்தாகிப்போனார், அவருடைய பெஞ்சாதிதான் இது, அவருக்கு வைக்க இந்த எண்ணெய் வேண்டுமாம், கொடுக்கட்டா என்று கேட்டார். அந்த மனிதர் கண்ணை மட்டும் திருப்பி அந்த அம்மாவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இடக்கையைப் படுக்கையிலிருந்து தூக்கி, கொடு என்பதுபோல வெளிப்பக்கமாக அசைத்தார்.

"பாத்தீங்களா. அவர்ட எண்ணெய். அவரே தாறார்" என்றார் அந்தப் பெண்.

ஒரு தேத்தண்ணிக் கிளாசில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா கிளாசை ஒரு கையில் ஏந்தி மறு கையால் அதன் வாயை மூடி, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கையை எடுத்து மணந்தார். வெட்டிய புல்லின் மணம் எனக்குக்கூட வந்தது. ஒரு மிடறு எடுத்துக் காற்றோடு உறிஞ்சி விழுங்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருமினார். மறுபடியும் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் பழுதாய்ப்போனதாக்கும் என்று என் கணவர் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இருமலோடு இருமலாக அழுகை வந்தது. முற்றத்துக் கதிரைக்குப் பக்கத்தில் கோப்பையோடு நின்ற நேரத்திலிருந்து வராத அழுகை. கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் இருந்து அழுதார். கிண்ணியாக்காரர் பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவினார். ஒருவர் பாசை மற்றவருக்குத் தெரியாது.

அழுது முடிந்ததும் அந்த அம்மா நிமிர்ந்து என்னிடம் சொன்னது இதுதான். "இது நல்ல எண்ணெய். எனக்கே தெரிகிறது."

கழுவி ஈரம் போகத் துடைத்த ஒரு ஜாம் போத்தலில் எண்ணெயை விட்டு, கடதாசி சுற்றித் தந்தார் அந்தப் பெண். "எங்கட குர்ஆன் கிதாபிலயும் இந்த மரத்தைப் பத்தி வருது. ஆருக்கு வச்சாலும் நல்லதுதான், சொல்லுங்க" என்றார்.

மலர்ச்சாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மா போத்தலைத் திறந்து, தன் பாசையில் ஏதோ சொல்லியபடி நெற்றியிலிருந்து நெஞ்சுக்கும், ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கும் எண்ணெயை விட்டார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் தேய்த்தார், விரல் விரலாக. மரமேறிக் காய்த்துப்போன கைகள். அவசரமே படவில்லை. முடிந்ததும் போத்தலை என்னிடம் நீட்டி, நீங்கள் உங்கள் முறைப்படி வையுங்கள் என்றார்.

நான் ஒரு சொட்டை விரலில் தொட்டு அந்த மனிதரின் உச்சியில் வைத்தேன். அந்த நேரம் யாருடைய தலையைத் தொட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

விடியப்புறம் வாகனம் புறப்பட்டது. கொழும்பில் மகன் வந்து நின்றான் என்று அந்த அம்மா பிறகு தகவல் அனுப்பினார். அடுத்த அறுவடை முடிந்ததும், இங்கே வந்த அவருடைய ஊர்க்காரர் ஒருவரிடம் இரண்டு டின் எண்ணெய் கொடுத்துவிட்டிருந்தார். தானே தெரிவு செய்த எண்ணெய் என்று சொல்லச் சொன்னாராம்.

ஒரு டின்னைக் கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். அந்த மனிதர் அப்படியேதான் கிடந்தார். முன்னேற்றம் ஒன்றும் இல்லை. மனைவி அவருக்குக் காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். இதனால் ஏதும் குணம் தெரிகிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் பூசுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"எண்ணெயால எழும்புவார் எண்டு நான் பூசல்ல தங்கச்சி. நான் தொடுறன் எண்டு அவருக்குத் தெரியணும். அதுக்குத்தான்."

என் அம்மா ஏன் அந்த ஒரு சொட்டுக்காக அத்தனை வருடம் அழுதா என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. இப்போது எங்கள் மேசையில் நல்ல எண்ணெய்தான் வைக்கிறேன், கறுத்த போத்தலில், அடுப்புக்குத் தூரத்தில். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்பவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் ஒருவருடைய துக்கத்துக்கு எது போதும் என்று வெளியில் நிற்கிற நாங்கள் தீர்மானிக்கக் கூடாது, அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே தேடிக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அந்த நாளிலிருந்து இன்றுவரை மனதில் வைத்திருக்கிறேன்.